மரத்துப்போக வைக்கும் ஊசி: சுன்னத் முதல் சிசேரியன் வரை லிக்னோகெய்ன் பற்றித் தெரிந்துகொள்வோம்

முழுஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் பூட்டியதும் நம் வீடுகளில் சுன்னத் பேச்சு தொடங்கிவிடும். ஒரு தலைமுறைக்கு முன்பு ஒஸ்தா வருவார். பெரியவர்கள் பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள். மரத்துப்போக வைக்கும் மருந்து என்ற பேச்சே கிடையாது. இன்று அநேகமாக எல்லாப் பெற்றோரும் முதலில் கேட்பது, "ஊசி போட்டுத்தானே செய்வீங்க டாக்டர்?" என்பதைத்தான். அவர் "ஆமாம்" என்று சொன்னதும் மனம் ஆறிவிடுகிறது. அது என்ன ஊசி, பிள்ளையின் எடைக்கு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

அந்த ஊசியின் பெயர் பெரும்பாலும் லிக்னோகெய்ன். லிடோகெய்ன் என்பதும் இதுவே. சைலோகெய்ன் என்ற வணிகப் பெயரில் பலருக்கும் தெரியும். திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும்போது காலில் கத்தி பட்டவருக்கும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புத் தகடு கையைக் கிழித்தவருக்கும் தையல் போடும் முன் இதைத்தான் போடுகிறார்கள். பல் பிடுங்கும்போதும் இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் நம் நாட்டின் பட்டியலிலும் இது இருக்கிறது. சரியாகப் போட்டால் இதைப்போலப் பத்திரமான மருந்துகள் குறைவு. அளவு மீறினால் வலிப்பு வரும், இதயமும் நின்றுபோகலாம். இந்த இரண்டுக்கும் காரணம் இதன் வேதியியலிலேயே இருப்பதால் அதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

நாக்கு மரத்துப்போன கதை

வலியை ஓரிடத்தில் மட்டும் நிறுத்தும் முதல் மருந்து கோக்கெய்ன். தென் அமெரிக்கக் கோக்கா இலையிலிருந்து 1860 வாக்கில் ஜெர்மனியின் ஆல்பர்ட் நீமன் அதைப் பிரித்தெடுத்தார். அது நாக்கை மரக்கச் செய்வதையும் அவர் குறித்து வைத்தார். 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் அதைக் கண்ணில் சொட்டு மருந்தாக விட்டு, வலியின்றி அறுவை செய்யலாம் என்று காட்டினார். பலன் பெரியதுதான், ஆனால் அடிமையாக்கும் போதைப்பொருளாகவும் அது இருந்தது. அதற்கு மாற்றாக 1905இல் புரோக்கெய்ன் வந்தது. போதை இல்லை. ஆனால் சீக்கிரம் சிதையும், சிலருக்கு ஒவ்வாமையும் தரும்.

அடுத்த திருப்பம் ஸ்வீடனில் வாற்கோதுமையிலிருந்து வந்தது. ஸ்டாக்ஹோமில் வாற்கோதுமைப் பயிரில் இருக்கும் ஒரு வேதிப்பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் உருவான அதன் மாற்று வடிவம் ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தபோது நாக்கு மரத்தது. அந்தக் காலத்து வேதியியலாளர்களுக்கு எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தது. இன்று அப்படிச் செய்தால் வேலை போய்விடும். நில்ஸ் லோஃப்கிரென் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பல சேர்மங்களைத் தயாரித்தார். 1943இல் சரியானது கிடைத்தது. உடன் பணியாற்றிய இளைஞர் பெங்ட் லண்ட்க்விஸ்ட் அதைத் தன் உடம்பிலேயே செலுத்திச் சோதித்தார். 1948இல் அஸ்ட்ரா நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

எதிலிருந்து செய்கிறார்கள்?

"இதில் பன்றியோ வேறு பிராணியோ சம்பந்தப்பட்டிருக்குமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். லிக்னோகெய்ன் முழுக்க முழுக்கச் செயற்கையாகத் தயாராவது. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் சைலீன், பெயிண்ட் தின்னர் வாசனையில் பலருக்கும் பழக்கமானது; கும்மிடிப்பூண்டிப் பக்கம் ரசாயன ஆலைகளில் வேலை பார்க்கும் சகோதரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சைலீன் குடும்பத்தைச் சேர்ந்த சைலிடின்தான் தொடக்கப்பொருள். சைலோகெய்ன் என்ற பெயரும் அங்கிருந்து வந்ததே. சைலிடினைக் குளோரோஅசிட்டைல் குளோரைடுடன் வினைபுரியச் செய்து, பிறகு டைஎத்தில் அமினைச் சேர்த்தால் லிக்னோகெய்ன் கிடைத்துவிடும்.

14 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 1 ஆக்ஸிஜன் கொண்ட சிறிய மூலக்கூறு அது. எடை சுமார் 234. அதற்கு இரண்டு முனைகள். ஒரு முனை கொழுப்போடு ஒட்டும் வளையம். மறுமுனையில் நீரோடு சேரக்கூடிய அமின். இரண்டையும் இணைப்பது அமைடு என்ற பிணைப்பு. புரோக்கெய்னில் இந்த இடத்தில் எஸ்டர் பிணைப்பு இருந்தது. இந்த ஒரு மாற்றம் பலவற்றை மாற்றிவிட்டது. எஸ்டர் எளிதில் உடையும், உடையும்போது ஒவ்வாமை தரும் பொருள் ஒன்றை வெளிவிடும். அமைடு உறுதியானது. அதைக் கொதிநீராவியில் கிருமி நீக்கலாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் அலமாரியிலும் அது கெடாமல் இருக்கும். உடம்புக்குள் அதை உடைப்பது கல்லீரல். அதனால் கல்லீரல் கெட்டவர்களுக்கு அளவைக் குறைக்கிறார்கள்.

தூய லிக்னோகெய்ன் வெள்ளைப் பொடி. 68 டிகிரி செல்சியஸில் உருகும். தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லிவிடலாம். கரையாததை எப்படி ஊசியில் ஏற்றுவது? ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் சேர்த்து உப்பாக்கினால் தாராளமாகக் கரையும். குப்பியில் "லிக்னோகெய்ன் ஹைட்ரோகுளோரைடு" என்று எழுதியிருப்பது அதனால்தான். கரைசல் சற்று அமிலத்தன்மையோடு இருப்பதால் ஊசி ஏறும்போது சுரீரென்று எரியும். குத்தும் வலியைவிட இந்த எரிச்சல்தான் பல குழந்தைகளை அலற வைக்கிறது. மருந்தை உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி மெதுவாகச் செலுத்தினாலோ, 10 மில்லி மருந்துக்கு 1 மில்லி வீதம் சோடியம் பைகார்பனேட் ஊசி மருந்தைக் கலந்தாலோ எரிச்சல் நன்றாகக் குறையும். கொஞ்சம் பொறுமை இருந்தால் செய்யக்கூடியதுதான், ஆனால் எல்லா இடத்திலும் செய்வதில்லை.

நரம்புக்குள் நடப்பது

நரம்பு வழியே வலி ஓடுவது மின்சாரம் போல. நரம்பிழையின் சவ்வில் சோடியம் அணுக்கள் புகுவதற்கென்று நுண்ணிய வாசல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்று திறந்தால் அடுத்தது திறக்கும், இப்படியே செய்தி மூளை வரை போகும். லிக்னோகெய்ன் அந்த வாசலை அடைத்துவிடுகிறது. காயம் அங்கேயேதான் இருக்கிறது, செய்திதான் போவதில்லை.

இதில் ஒரு நுட்பம். அந்த வாசலை வெளியிலிருந்து அடைக்க முடியாது, உள்ளே போய்த்தான் அடைக்க வேண்டும். சவ்வு கொழுப்பால் ஆனது. மின்னூட்டம் ஏற்ற மூலக்கூறு அதைத் தாண்டாது, மின்னூட்டம் இல்லாததுதான் தாண்டும். உள்ளே போன பிறகு வாசலில் உறுதியாக உட்காருவதோ மின்னூட்டம் ஏற்ற வடிவம். ஆக இரண்டு வடிவமும் வேண்டும். எது எவ்வளவு என்பதைச் சுற்றியிருக்கும் அமில-காரத் தன்மை முடிவு செய்கிறது. பி.எச். 7.9 என்ற நிலையில் இரண்டும் சரிபாதி. நம் உடம்பின் 7.4இல் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மட்டுமே சவ்வைத் தாண்டும் வடிவில் இருக்கும். சில நிமிடங்களில் மரத்துப்போவதற்கு அது போதும்.

சீழ் பிடித்த இடத்தில் திசு அமிலமாகிவிடும். அங்கே பி.எச். 6.4க்கு இறங்கினால் தாண்டக்கூடிய பங்கு 100இல் 3 ஆகச் சுருங்கிவிடும். வீங்கிய ஈறுக்கு ஊசி போட்டும் பல் மரக்கவில்லை என்றால் மருத்துவருக்குக் கைராசி இல்லை என்று சொல்லிவிடுகிறோம். காரணம் இந்தக் கணக்குதான். அந்த நிலையில் மேலும் மேலும் மருந்து கேட்பது ஆபத்து. முதலில் சீழை வெளியேற்றலாம், அல்லது வீக்கத்திலிருந்து தள்ளி, நரம்பு கிளம்பும் இடத்தில் மருந்தைப் போடலாம்.

வலியைக் கடத்தும் மெல்லிய இழைகள் முதலில் அடங்கும், தொடுதலையும் அழுத்தத்தையும் கடத்தும் தடித்த இழைகள் பின்தங்கும். அதனால் பிள்ளை "என்னமோ இழுக்கிறாங்க" என்று சொல்லும்போது அது உண்மைதான், ஆனால் வலி அல்ல. "வலிக்குதா, இழுக்கிற மாதிரி இருக்கா?" என்று பிரித்துக் கேட்டால் பிள்ளையே சரியாகச் சொல்லிவிடும்.

குப்பியில் உள்ள சதவீதம்

பெற்றோர் மனதில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 2 சதவீதக் கரைசல் என்றால் 100 மில்லியில் 2 கிராம், அதாவது ஒவ்வொரு மில்லியிலும் 20 மில்லிகிராம். 1 சதவீதம் என்றால் 10 மில்லிகிராம். அட்ரினலின் கலக்காத லிக்னோகெய்னுக்குப் பொதுவான உச்சவரம்பு, எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். சில நாடுகளில் 4.5 வரை அனுமதிக்கிறார்கள். 15 கிலோ பிள்ளைக்கு 3 வீதம் பார்த்தால் 45 மில்லிகிராம். 2 சதவீதக் கரைசலில் அது இரண்டேகால் மில்லிதான். மேசையில் இருக்கும் 30 மில்லி குப்பியிலோ 600 மில்லிகிராம் இருக்கிறது. பெரிய ஆளுக்கே ஒரு தடவைக்கு 300தான் வரம்பு.

இந்த இடைவெளியில்தான் விபத்து நடக்கிறது. முகாமில் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள், எல்லாருக்கும் ஒரே சிரிஞ்சு அளவு என்று வைத்துக்கொண்டால் 10 வயதுப் பையனுக்குச் சரியாக இருப்பது 3 வயதுக் குழந்தைக்கு அதிகமாகிவிடும். முகாமோ மருத்துவமனையோ, பிள்ளையை எடைபோட்டார்களா என்று பாருங்கள். எடை மெஷினே இல்லாத இடத்தில் சுன்னத் செய்யக் கொடுக்காதீர்கள். "எத்தனை சதவீதம், எத்தனை மில்லி?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல மருத்துவர் சந்தோஷமாகச் சொல்வார்.

அளவு மீறினால் அடைவது வலி நரம்பு மட்டுமல்ல. மருந்து ரத்தத்தில் கலந்து மூளைக்கும் போகும், இதயத்துக்கும் போகும், ஏனெனில் அங்கேயும் அதே சோடியம் வாசல்கள். உதடும் நாக்கும் மரப்பது, வாயில் இரும்புச் சுவை, காதில் இரைச்சல், பேச்சுக் குழறல், தசைத் துடிப்பு, பிறகு வலிப்பு, அதற்கும் மேலே இதயத் தடுமாற்றம் என்று போகும். அழும் குழந்தை காதில் இரைச்சல் என்று சொல்லாது. அழுதுகொண்டிருந்த பிள்ளை திடீரென்று மயங்கிச் சோர்ந்தால் "தூங்கிட்டான்" என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். முறிவு மருந்து போலப் பயன்படுவது 20 சதவீதக் கொழுப்புக் குழம்பு. நரம்பு வழியே சத்தாக ஏற்றுகிறார்களே, அதுதான். கொழுப்போடு ஒட்டும் மருந்தை அது தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆக்ஸிஜனும் வலிப்பை நிறுத்தும் மருந்தும் இந்தக் குழம்பும் இருக்கிற இடமா என்பதுதான் முக்கியம். திருமண மண்டபம் அழகாக இருப்பது எதற்கும் உதவாது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் திறந்த 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருவள்ளூரும் ஒன்று. மயக்கவியல் துறை இருக்கும் இப்படிப்பட்ட மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருக்கும்போது வீட்டிலேயே செய்துகொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

குப்பியில் "அட்ரினலினுடன்" என்றும் எழுதியிருக்கும். அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்கி மருந்தை அங்கேயே தங்க வைக்கும். ரத்தக் கசிவும் குறையும். பல் மருத்துவருக்கு அது வேண்டும். ஆனால் சுன்னத்துக்கு நரம்பை மரக்க வைக்கும்போது அட்ரினலின் கலக்காததையே பயன்படுத்துவது வழக்கம், அந்த உறுப்புக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக. அட்ரினலின் வெயிலிலும் வெளிச்சத்திலும் கெட்டு இளஞ்சிவப்பாக மாறும். நிறம் மாறிய மருந்தைப் போடக் கூடாது.

பல்லுக்கு ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்து, "எனக்கு அந்த ஊசி ஒத்துக்காது" என்று காலமெல்லாம் சொல்பவர்கள் உண்டு. அந்தப் படபடப்பு பெரும்பாலும் அட்ரினலினாலோ பயத்தாலோ வருவது. அமைடு வகைக்கு உண்மையான ஒவ்வாமை மிகமிக அரிது. தோலில் துளி போட்டுப் பார்க்கும் "டெஸ்ட் டோஸ்" ஒவ்வாமைக்கு ஒரு சோதனை மட்டுமே. அது சரியாக வந்தது என்பதற்காக அளவைக் கூட்ட முடியாது.

களிம்பும் முதுகு ஊசியும்

ஊசிக்கே பயப்படும் குழந்தைக்கு முன்கூட்டித் தடவும் களிம்பு ஒன்று இருக்கிறது. கற்பூரம், ஓம உப்பு, புதினா உப்பு மூன்றும் தனித்தனியே கட்டிகள். சேர்த்து வைத்தால் தானாக உருகி நீராகிவிடும். வயிற்றுவலிக்கு அமிர்ததாரா என்று கொடுப்பது அதைத்தான். அதே தத்துவம்தான் இங்கும். லிக்னோகெய்ன் உருகுவது 68 டிகிரியில், பிரிலோகெய்ன் சுமார் 38இல். இரண்டையும் சம அளவு கலந்தால் 18 டிகிரியிலேயே எண்ணெயாகிவிடும். கரைப்பான் இல்லாமலே அடர்த்தியான மருந்து தோலுக்குள் இறங்க வழி கிடைக்கிறது. தடிப்பாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் உறை ஒட்டி ஒரு மணி நேரம் விட வேண்டும். பூசின 10 நிமிடத்தில் ஊசி போட்டால் பூசியதே வீண். பிரிலோகெய்ன் உடைந்தால் வரும் பொருள் ரத்தத்தின் ஆக்ஸிஜன் சுமக்கும் திறனைக் குறைக்கலாம் என்பதால், கைக்குழந்தைகளுக்கு இதை வீட்டில் தாராளமாகத் தடவக் கூடாது. உதடு நீலம் பாய்வது அதன் அடையாளம். இதே எச்சரிக்கையோடு இன்னொன்று: பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் லிக்னோகெய்ன் திரவத்தைத் தடவ வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014இல் எச்சரித்தது. குழந்தை அதை விழுங்கிவிடும், வலிப்பு வரலாம்.

சிசேரியனுக்கு முதுகில் போடுவது லிக்னோகெய்னின் உறவுக்கார மருந்தான புபிவக்கெய்ன். கொழுப்போடு கூடுதலாக ஒட்டும், ரத்தப் புரதத்தோடு 95 சதவீதம் பிணைந்து நிற்கும். அதனால் நீண்ட நேரம் தாங்கும், ரத்தக்குழாயில் தவறி ஏறினால் இதயத்தையும் லேசில் விடாது. முதுகு ஊசிக்கான கரைசலில் மில்லிக்கு 80 மில்லிகிராம் சர்க்கரை, அதாவது டெக்ஸ்ட்ரோஸ், கலந்திருப்பார்கள். தண்டுவட நீரைவிட அது கனமாகிறது, கனமானது பள்ளத்தை நோக்கி இறங்கும். மேசையைச் சாய்த்து எந்த உயரம் வரை மரக்க வேண்டும் என்பதை மயக்க மருத்துவர் தீர்மானிப்பது அந்தக் கனத்தை வைத்துத்தான். நீரிழிவு உள்ள தாய்மார்கள் பயப்பட வேண்டியதில்லை. போவது 2 மில்லி அளவுதான். "அந்த ஊசியால்தான் எனக்கு ஆயுசுக்கும் முதுகுவலி" என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வது வழக்கம். ஊசியால் சில நாள் தலைவலி வரலாம். நீடித்த முதுகுவலிக்குக் காரணம் பெரும்பாலும் கர்ப்பமும், குழந்தையைத் தூக்குவதும், ஓய்வில்லாத வேலையும்தான்.

தேள் கொட்டியவருக்கும் கொட்டிய இடத்தில் லிக்னோகெய்ன் போட்டு வலியை நிறுத்துகிறார்கள். வலி நின்றதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். விஷம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. வியர்த்துக் கொட்டி, கைகால் சில்லிட்டால் அது இதயத்தைத் தொட்டதற்கு அடையாளம்.

ரமலானில் பல்வலி வந்தால் நோன்போடு இந்த ஊசி போட்டுக்கொள்ளலாமா என்பதும் வருடா வருடம் வரும் கேள்வி. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, சத்துக்காக ஏற்றும் திரவம் தவிர்த்த சிகிச்சை ஊசிகளையும், எதையும் விழுங்காமல் செய்யும் பல் சிகிச்சையையும் நோன்பை முறிக்காதவை என்ற பட்டியலில் வைத்தது. சந்தேகம் இருப்பவர்கள் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம், அல்லது இஃப்தாருக்குப் பிறகு மருத்துவரிடம் போகலாம்.

லிக்னோகெய்ன் தாங்குவது ஏறத்தாழ ஒன்றிரண்டு மணி நேரம். சுன்னத் முடிந்து வீட்டுக்கு வந்து, உறவுக்காரர்கள் கூடி, பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும் நேரம் அது. மரப்பு விட்டதும் வலி ஒரேயடியாக வரும். அழ ஆரம்பித்த பிறகு மருந்து தேடுவதைவிட, மரப்பு விடும் முன்பே மருத்துவர் எடை பார்த்துச் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுத்துவிடுங்கள். பல்லுக்கு ஊசி போட்ட சிறுபிள்ளை என்றால் மரத்த உதட்டை மென்று புண்ணாக்கிக்கொள்ளும். உதட்டில் உணர்ச்சி திரும்பும் வரை சோறும் பிஸ்கட்டும் கொடுக்காமல் பக்கத்திலேயே இருங்கள்.